முறுக்கு சுற்றும் விரலில் மரு

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 46. பதினைந்து வருடமாக ஓர் ஆச்சி வீட்டில் பலகாரம் போடும் வேலை. கல்யாணச் சீருக்கும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பவும் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு என்று டின் டின்னாகப் போகிற வீடு. அங்கே கைமுறுக்கு சுற்றுவது இவர்தான். போன ஐப்பசியில், தீபாவளி ஆர்டர் மும்முரத்தில், வலது ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டி ஒரு சொரசொரப்பு வந்திருக்கிறது. நகத்தால் கிள்ளினார், பல்லால் கடித்தார், பொங்கலுக்கு முன்னால் கணவரின் பிளேடை எடுத்துச் சீவியும் விட்டார். இப்போது அதே விரலில் மூன்று, பக்கத்து விரலில் ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆயின்ட்மென்டை இரண்டு மாதம் தடவியும் அடங்கவில்லை. சித்திரையில் ஆச்சி வீட்டாரோடு வைத்தீசுவரன் கோயிலுக்கு நடந்து போனபோது குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டும் வந்திருக்கிறார்.

இது போகக் கழுத்தைச் சுற்றி நாலைந்து வருடமாகப் பாலுண்ணிகள். ஒன்றைக் குதிரை முடியால் கட்டி விழ வைத்தார். இன்னொன்றுக்கு, யாரோ சொன்னார்கள் என்று வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்ததில் தோல் வெந்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்புத் தழும்பு விழுந்துவிட்டது. கழுத்து மடிப்பும் கறுத்திருக்கிறது. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஆறு வயதுப் பேரனுக்கு அக்குளில் முத்து முத்தாக நாலு பரு. ஆவணிக் கடைசியில் அண்ணன் மகள் கல்யாணம். அத்தை என்ற முறையில் மணமேடையில் நிற்க வேண்டியவர். ஒரு பார்லரில் ஒன்றுக்கு 100 ரூபாய் கணக்கில் எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட்டு எடுத்துவிடலாம் என்கிறார்களாம்.

கடிதத்தின் கடைசிப் பகுதி இது: “பந்தியில் பரிமாறும்போது விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறேன். மருவில் கத்தி பட்டால் புற்றுநோயாகிவிடும் என்று மாமியார் சொல்கிறார். ஒரு மருவுக்குப் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் சிரிப்பார்களோ என்றும் இருக்கிறது. எல்லாவற்றையும் விட, என் கையால் சுற்றிய முறுக்கைச் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஒட்டிவிடுமா? இந்த ஒரு கேள்விதான் ராத்திரி தூங்க விடவில்லை.”

அம்மா, அந்தக் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒட்டாது. உங்கள் விரலில் இருப்பது தோலில் மட்டும் குடியிருக்கும் ஒரு வைரஸ். தோலில் கீறலோ வெடிப்போ இருந்து, அந்த இடத்தில் நேரடியாக உரசினாலோ, மரு பட்ட துண்டு, பிளேடு போன்றவை பட்டாலோதான் இன்னொருவருக்குப் போகும். சாப்பாட்டு வழியாக வயிற்றுக்குள் போய் வருகிற நோய் இல்லை இது. கொதிக்கிற எண்ணெயில் வெந்து எழும் முறுக்கில் அதற்கு வழியும் இல்லை. இத்தனை மாதம் நீங்கள் சுற்றிய முறுக்கால் யாருக்கும் மரு வந்திருக்காது.

அடுத்து, சிரிப்பார்களோ என்ற பயம். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வட்டாரத்தில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். மருவோடு வருகிறவர்கள் அநேகமாக எல்லாருமே “சின்ன விஷயம்தான் டாக்டர்” என்று சொல்லிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அதற்கு முன் வீட்டில் ஊசி, பிளேடு, ஆசிட், ஊதுபத்தி நெருப்பு வரை பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். மருவைவிட அந்த வைத்தியம் உண்டாக்கிய புண்ணுக்குத்தான் நான் அதிகம் மருந்து எழுதியிருக்கிறேன். உங்கள் கழுத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. சின்னதாக இருக்கும்போதே வருகிறவரைப் பார்த்தால் எனக்கு நிம்மதிதான் வரும்.

ஒரே பெயர், மூன்று சங்கதி

நம் ஊரில் தோலில் துருத்திக்கொண்டு நிற்பது எதுவானாலும் மரு, இல்லையென்றால் பாலுண்ணி. உங்கள் கடிதத்திலேயே விரலில் இருப்பது, கழுத்தில் இருப்பது, பேரனுக்கு இருப்பது எல்லாம் ஒரே நோய் என்ற எண்ணம் ஓடுகிறது. மூன்றும் வேறு வேறு. இதைப் பிரித்துக்கொள்ளாமல் வைத்தியத்தில் இறங்கியதுதான் முதல் சறுக்கல். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் தெளிவாகவே இருக்கின்றன.

விரலில் இருப்பது வைரஸ் மரு. எச்.பி.வி. என்ற வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மருவுக்குள் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன, அதுதான் வேர் என்று எழுதியிருக்கிறீர்கள். மருவுக்கு வேர் கிடையாது. வைரஸ் இருப்பது தோலின் மேல் அடுக்கில். அந்தப் புள்ளிகள், மருவுக்கு ரத்தம் கொண்டுவரும் மயிரிழைக் குழாய்களில் ரத்தம் உறைந்து நிற்பது. வேரோடு பிடுங்க வேண்டும் என்று ஆழமாகத் தோண்டுகிறவர்களுக்குக் கடைசியில் மருவும் திரும்பி வருகிறது, தழும்பும் நிற்கிறது. ஒன்று நாலானதும் தற்செயல் இல்லை. கிள்ளியபோதும் கடித்தபோதும் சீவியபோதும் பக்கத்துத் தோலில் விழுந்த நுண்ணிய கீறல்களுக்குள் அதே வைரஸை நீங்களே நட்டுவிட்டீர்கள். உள்ளே போன வைரஸ் மருவாகத் தலைகாட்ட ஒரு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். மாவிலும் தண்ணீரிலும் ஊறி ஊறி இருக்கும் விரல் அதற்குத் தோதான இடம். அந்த பிளேடை வீட்டில் யாரும் முகச்சவரத்துக்கு எடுக்க வேண்டாம். இன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கழுத்தில் இருப்பதில் வைரஸே இல்லை. மெல்லிய காம்பில் தொங்கும், தோல் நிறத்திலேயே இருக்கும் சதைத் துணுக்கு அது. சங்கிலியும் சேலைத் தலைப்பும் உரசும் இடம், அக்குள், தொடை இடுக்கு, கண்ணிமை ஆகிய இடங்களில் வரும். உடல் எடை கூடும்போது, வயது நாற்பதைத் தாண்டும்போது, குடும்பத்தில் இருந்தால் வரும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. அதனால் ஒரு தொந்தரவும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடவும் செய்யலாம்.

பேரனுக்கு முத்துப் போல் பளபளப்பாக, நடுவில் தொப்புள் மாதிரிச் சின்னக் குழியோடு இருக்கிறது என்றால் அது வேறொரு வைரஸ். பெரியம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த, ஆபத்தில்லாத ஒன்று. குழந்தைகள் சேர்ந்து விளையாடும்போதும், ஒரே துண்டைப் பயன்படுத்தும்போதும் தொற்றும். உங்கள் விரல் மரு அப்படி மாறி அவனுக்கு ஒட்டவில்லை. அந்தப் பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். குண்டூசியால் குத்திப் பிதுக்கக் கூடாது. அவனுக்குத் தனித் துண்டு கொடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், நீங்கள் போகும் அன்று அவனையும் ஒரு முறை காட்டிவிடுங்கள். அது போதும்.

கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கழுத்து மடிப்பில் வெல்வெட்டு மாதிரித் தடித்துக் கறுத்திருப்பதும், அதே இடத்தில் பாலுண்ணிகள் கூடிக்கொண்டே போவதும் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் யோசிப்பது சர்க்கரையைத்தான். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது, கணையம் இன்னும் இன்னும் என்று அதைச் சுரக்கும். ரத்தத்தில் மிதமிஞ்சி நிற்கும் அந்த இன்சுலின் தோலின் செல்களையும் வளரத் தூண்டிவிடும். அந்த வளர்ச்சிதான் கறுப்பாகவும் துணுக்காகவும் வெளியே தெரிகிறது. எல்லாருக்கும் இதே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 46 வயதில் இதுவரை ஒரு தடவைகூடச் சர்க்கரை பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையும் எடுங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே, எச்.பி.ஏ.1சி 5.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், எச்.பி.ஏ.1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. மறுபடி ஒரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். இடையில் இருந்தால் அது எச்சரிக்கை மணி. சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்து திருப்பிக்கொண்டு வர வாய்ப்புள்ள கட்டம் அது. நாள் முழுக்க அடுப்படியில் நின்று, பதம் பார்க்க என்று வாயில் போடும் சீடையும் அதிரசமும் கணக்கில் வருவதே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் வேலை அப்படி.

பெரிய மருதுவுக்கு முதுகில் ராஜபிளவை என்ற பெரிய சீழ்க்கட்டி வந்து, குன்றக்குடி முருகன் திருநீற்றில் குணமானதாகச் சொல்லும் கதை நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இன்று ராஜபிளவையோடு ஒருவர் என் அறைக்குள் வந்தால், கட்டிக்கு மருந்து எழுதும் முன் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைத்தான் பார்ப்பேன். தோல் பல சமயம் உள்ளே நடப்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். பீர்க்கங்கூட்டால் தேய்ப்பதை நிறுத்துங்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். எடையும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தால் அந்தக் கறுப்பு மெல்ல இளகும்.

கத்தி பட்டால் புற்றுநோய் வருமா?

வராது. உங்கள் மாமியார் மட்டுமல்ல, படித்தவர்களும் இதைக் கேட்கிறார்கள். எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. கருப்பை வாய்ப் புற்றோடு அதிகம் தொடர்புடையவை 16, 18 ஆகிய வகைகள். கையில் மரு உண்டாக்குபவை பெரும்பாலும் 1, 2, 4 போன்ற வேறு வகைகள். எச்.பி.வி. என்ற பெயரைச் செய்தியில் கேட்டுவிட்டுப் பயந்துபோய் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தேற்றி அனுப்புவது எனக்கு வாடிக்கை. கழுத்துத் துணுக்கை வெட்டினாலும் அது புற்றாக மாறாது.

ஆனாலும் அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலிலேயே புற்றாக இருந்த ஒன்றை மரு என்று நினைத்துச் சீவி, பிறகு அது பெருகியதைப் பார்த்தவர்கள் கத்தியின் மேல் பழி போட்டிருப்பார்கள். அதனால் சில அடையாளங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வளர்வது, தொடாமலே ரத்தம் கசிவது, ஆறாத புண்ணாக நிற்பது, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம் தெரிவது, ஓரம் கோணல்மாணலாகப் பரவுவது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில் புதிதாகக் கறுப்பு வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். நகத்தை ஒட்டிய ஒற்றை மரு மாதக்கணக்கில் எந்தச் சிகிச்சைக்கும் அடங்காமல் நின்றால், சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். உங்கள் நகத்தோர மருவை மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

மருத்துவர் அறையில் என்ன நடக்கும்

முதலில் வெளிச்சம் போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் மேலே தடித்திருக்கும் தோலைக் கூரான பிளேடால் மெல்லச் சீவுவார். வலிக்காது, காய்ப்பு சீவுவது போலத்தான். உள்ளே அந்தக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மரு என்று உறுதி. அப்புறம் வழிகளைச் சொல்வார்.

ஒன்று, சாலிசிலிக் அமிலம் கலந்த மரு பெயின்ட். சுமார் 17 சதவீதம் உள்ளது. ராத்திரி ஐந்து, பத்து நிமிடம் விரலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, செத்த தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, சுற்றியுள்ள நல்ல தோலில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டு, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. தேய்த்த பொருளை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. மூன்று மாதம் வரை விடாமல் செய்ய வேண்டும். மலிவானது, நன்றாகவே கேட்கும். ஆனால் பத்து நாளில் கைவிடுகிறவர்கள்தான் அதிகம். இதை முகத்திலோ கழுத்திலோ வைக்கவே கூடாது. கட்டுப்படாத சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் காலில் வைக்கக் கூடாது.

இரண்டாவது, திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது. மைனஸ் 196 டிகிரிக் குளிரைச் சில விநாடி பீய்ச்சுவார்கள். சுருக்கென்று எரியும், மறுநாள் கொப்புளம் எழும், இரண்டு வாரத்தில் காய்ந்து உதிரும். பெரும்பாலும் இரண்டு மூன்று வார இடைவெளியில் பல முறை போக வேண்டியிருக்கும். நம்மைப் போல மாநிறம், கறுப்பு நிறத் தோலில் அந்த இடம் சில காலம் வெளுத்து நிற்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கரன்ட் வைத்துச் சுடுவது என்று எல்லாரும் சொல்வது. ஷாக் அடிக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்காது. முதலில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். விரலில் அந்த ஊசிதான் கொஞ்சம் வலி, கட்டெறும்பு கடித்தது மாதிரி. அப்புறம் சூடான முனையால் மருவைப் பொசுக்கி, சின்னக் கரண்டி போன்ற கருவியால் வழித்து எடுப்பார்கள். தோல் கருகும் வாடை வரும், பயப்பட வேண்டாம். ஒரே நாளில் மரு போய்விடும். ஆனால் புண் ஆற இரண்டு வாரம் ஆகலாம், தழும்பு விழலாம், திரும்பி வரவும் செய்யலாம். நகத்தை ஒட்டி ஆழமாகச் சுட்டால் நகம் வளரும் இடம் பாதிக்கப்பட்டு, நகம் கோணலாகவே முளைக்கலாம். அதனால் உங்கள் நகத்தோர மருவுக்கு நான் சுடுவதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன். பெயின்டும் குளிர் சிகிச்சையும் சேர்த்து முயன்று பார்த்த பிறகே அது.

கழுத்துத் துணுக்குகள் இதைவிட எளிது. சின்னதாக இருப்பதைக் கிருமி நீக்கிய கத்தரியால் ஒரே வெட்டு. ஒரு துளி ரத்தம் வரும், அமுக்கிப் பிடித்தால் நின்றுவிடும். பெரியதற்கு மரத்துப்போகும் மருந்து போட்டுவிட்டு எடுப்பார்கள். உட்காரும் முன் இவற்றை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதயத்தில் பேஸ்மேக்கர், ஊசி மருந்து எதற்காவது ஒவ்வாமை. மிக முக்கியமாக, பழைய காயங்கள் மேலெழும்பித் தடித்த தழும்பாக மாறியிருக்கின்றனவா என்பது. சுண்ணாம்பு வைத்த இடத்தைத் தடவிப் பாருங்கள். வெறும் கறுப்பு என்றால் சில மாதத்தில் மங்கும், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேடாகித் தினவெடுக்கிறது என்றால் மருத்துவரிடம் அதைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் மற்றதைப் பற்றிப் பேச வேண்டும்.

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் தண்ணீரில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகிறது. வடிகால் அடைப்புக்கு ஊற்றும் அதே காரம். துணுக்கு எது, கழுத்துத் தோல் எது என்று அதற்குத் தெரியாது. குதிரை முடி கட்டுவதில் ரத்த ஓட்டம் நின்று துணுக்கு விழுவது உண்மைதான். சீழ் பிடித்து வீங்கி வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அம்மான் பச்சரிசிப் பாலை வைப்பவர்களும் உண்டு. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. கழுத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வெல்லம் கரைத்ததைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பிரார்த்தனையில் நான் குறுக்கே வரமாட்டேன். மருக்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியால் தானாகவே மறைவதும் உண்மை. குழந்தைகளுக்கு வரும் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடத்துக்குள் போய்விடும். பெரியவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. விரலை நம்பிப் பிழைக்கும் உங்களுக்கு அவ்வளவு காலம் காத்திருப்பது கட்டாது.

மெடிக்கல் ஷாப் ஆயின்ட்மென்டின் டியூபையும் கையில் எடுத்துப் போங்கள். படை, அரிப்பு, கொப்புளம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆயின்ட்மென்ட் என்று கொடுக்கப்படுபவற்றில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பைத் தணித்துவிடும். மரு பரவுவதற்கு நாமே கதவைத் திறந்துவிடுவது போல ஆகிவிடும். இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பார்லர் வேண்டாம்

இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. 100 ரூபாய் குறைவு என்று தோன்றலாம். எது துணுக்கு, எது மச்சம், எது கவனிக்க வேண்டியது என்று பிரித்துப் பார்க்கும் படிப்பு அங்கே இல்லை. மரத்துப்போகும் ஊசி போட அவர்களுக்கு அனுமதி இல்லை. ஒருவருக்குப் பயன்படுத்திய முனையை முறையாகக் கிருமி நீக்காமல் அடுத்தவருக்கு வைத்தால் மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. போன்றவை ரத்தத்தின் வழியாகப் பரவ இடம் உண்டு. ஒரே நாளில் இருபது முப்பது இடத்தைச் சுட்டுவிட்டு, சர்க்கரை இருப்பது தெரியாமல் புண் ஆறாமல் கல்யாணத்துக்கு நிற்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

செலவுதான் தயக்கம் என்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் தோல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு போட்டுக் காத்திருக்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும். சிகிச்சைக்குப் பணம் கிடையாது. சர்க்கரைப் பரிசோதனையை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கிவிடலாம்.

தனியாரிடம் போனால் கேட்க உங்களுக்கு உரிமை உள்ளவை

மருத்துவரின் பதிவு எண் மருத்துவமனையிலும் மருந்துச் சீட்டிலும் இருக்க வேண்டும்; 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே அதைச் சொல்கின்றன. கத்தியோ சூடோ வைக்கும் முன் என்ன செய்யப் போகிறோம், என்ன பக்க விளைவு என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். எத்தனை முறை வர வேண்டும், ஒரு மருவுக்குக் கட்டணமா, ஒரு முறைக்குக் கட்டணமா, திரும்பி வந்தால் மறுபடி பணமா என்பதை உட்காரும் முன் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சிகிச்சை விவரத்தை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கவனக்குறைவால் பெரிய பாதிப்பு ஏற்பட்டு, பணம் கொடுத்த சிகிச்சையாகவும் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அதற்கான ஆதாரம் ரசீதும் சீட்டும்தான், இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். மரு திரும்பி வருவது மட்டும் கவனக்குறைவு ஆகாது. அது அந்த நோயின் குணம்.

வேலையும் கல்யாணமும்

முறுக்கால் மரு பரவாது என்றேன். ஆனால் ஒரு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. சீவிய மருவோ, சுட்ட புண்ணோ ஈரமாகத் திறந்திருந்தால் அதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி சேரும். அது மாவில் விழுந்து, மாவு நேரம் கடந்து நின்றால் ஒருவித நஞ்சை உண்டாக்கும். கிருமி சூட்டில் செத்தாலும் அந்த நஞ்சு சூட்டுக்கு எளிதில் அழியாது. சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மருவுக்குப் பயந்த நீங்கள், பிளேடால் சீவிய அன்று மாவில் கை வைத்தீர்களே, ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டிய நாள் அதுதான். ஆகவே புண் காய்ந்து பொருக்கு உதிரும் வரை மாவில் கை வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு கைமுறுக்கு சுற்ற வராது என்பது எனக்குத் தெரியும். மாவின் பிசுக்கு விரல் நுனியில் பட்டால்தான் அந்த முறுக்கு விழும். அந்த நாட்களுக்கு அடுப்புப் பக்கமோ டின் அடைக்கும் வேலையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புண் இல்லாமல் மரு மட்டும் இருக்கும் நாட்களில் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டி வேலை செய்யலாம். பெரிய சமையல்கூடங்களில் நீல நிறப் பிளாஸ்திரி வைத்திருப்பார்கள், கழன்று மாவில் விழுந்தால் உடனே கண்ணில் படும். கிடைத்தால் அதை வாங்குங்கள். ஆச்சியிடம் மறைக்க வேண்டாம். பதினைந்து வருடம் பழகிய வீடு. இதைச் சொல்லி விளக்கினால் அவர்களுக்கும் தெளிவு வரும். இல்லையென்றால் பிளாஸ்திரியைப் பார்த்து அவர்களாகவே ஏதாவது நினைத்துக்கொள்வார்கள்.

ஆடி பிறந்தால் முகூர்த்தம் இல்லை, ஆர்டர் குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்களுக்கு வாய்த்த நேரம். ஆனி முடிவதற்குள் சர்க்கரைப் பரிசோதனை. ஆடி முதல் வாரத்தில் கழுத்துத் துணுக்குகள். பொருக்கு ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்துவிடும்; அடியில் நிற்கும் சிவப்பும் கறுப்பும் மங்க இன்னும் சில வாரம் வேண்டும். ஆவணிக் கடைசிக்குள் நகை போட்டுக்கொள்ளும் அளவுக்குக் கழுத்து தேறிவிடும். விரலுக்கு அதே நாளில் சிகிச்சையைத் தொடங்குங்கள். ஆனால் நாலு மருவும் கல்யாணத்துக்குள் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நகத்தோரத்தில் இருப்பது புரட்டாசி வரை இழுத்தாலும் இழுக்கும். அவசரப்பட்டு ஆவணியில் அதைச் சுடச் சொல்லிக் கேட்காதீர்கள். நகம் கோணினால் ஐப்பசி ஆர்டரில் முறுக்கு சுற்றும்போது தினமும் உறுத்தும்.

போகும் அன்று விரலில் மஞ்சளோ மருதாணியோ வேண்டாம், நிறத்தை மறைத்துவிடும். பேரனைக் கூட்டிப் போங்கள். அந்த ஆயின்ட்மென்ட் டியூபும் சர்க்கரை ரிப்போர்ட்டும் பையில் இருக்கட்டும். எச்.பி.ஏ.1சி 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் கழுத்துத் துணுக்குகளைத் தள்ளிப்போட்டுவிட்டு, அந்தச் சீட்டோடு முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள். பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.